ஒரே மழை, ஐந்து விதமான பூச்சி: தக்காளிக் காட்டில் வானிலையைப் படிப்பது எப்படி?

மழை பெய்தால் பூச்சி அடங்கிவிடும், வெயில் ஏறினால் பெருகும் என்பார்கள். ராயக்கோட்டை, பாலக்கோடு பக்கம் கேட்டாலும் ஒட்டன்சத்திரம், உடுமலை பக்கம் கேட்டாலும் தக்காளிக்காரர்கள் வாயில் வருவது இதுதான். சொல்வதில் பாதி உண்மை. மீதிப் பாதியில்தான் மருந்துக் காசு கரைகிறது. வெள்ளை ஈயைத் தட்டிவிடுகிற அதே மழை, மண்ணுக்குள் கிடக்கும் காய்ப்புழுக் கூட்டை எழுப்பிவிடுகிறது. சிவப்புச் சிலந்தியைப் பத்தே நாளில் காடு முழுக்கப் பரப்புகிற அதே வெயில், ஒரு கட்டத்துக்கு மேல் ஊசிப்புழுவை மந்தமாக்குகிறது. வானிலை பூச்சிக்குச் சாதகமா என்று யாராவது கேட்டால், எந்தப் பூச்சிக்கு என்று திருப்பிக் கேட்டாக வேண்டும்.

வானிலையை வைத்து இத்தனை பூச்சி வரும் என்று எண்ணிக்கை சொல்ல முடியாது. எந்த நாளில், செடியில் எந்த இடத்தைப் புரட்டிப் பார்க்க வேண்டும் என்று சொல்லலாம். விவசாயிக்கு வேண்டியதும் அதுதான். திங்கட்கிழமை ஆனால் ஒரு மருந்து என்று காலண்டரைப் பார்த்து அடிப்பதை விட, மழை அளவையும் வெப்ப அளவையும் பார்த்து அடிப்பது செலவும் குறைவு, காய்க்கும் நல்லது.

ஊசிப்புழுவின் கடிகாரம் வெயிலில் ஓடுகிறது

பூச்சிக்குச் சொந்தமாக உடம்புச் சூடு கிடையாது. காற்று எவ்வளவு சூடோ அந்த வேகத்தில்தான் முட்டை பொரியும், புழு தின்னும், கூடு கட்டும். இதை நன்றாகப் புரியவைப்பது ஊசிப்புழு. தென் அமெரிக்காவிலிருந்து கிளம்பி, 2006-ல் ஸ்பெயினில் இறங்கி, 2014-ல் மகாராஷ்டிராவில் தென்பட்டு, அடுத்த ஆண்டே தமிழ்நாட்டுத் தக்காளிக் காடுகளுக்கு வந்து சேர்ந்த பூச்சி.

முட்டையிலிருந்து அந்துப்பூச்சி ஆகும்வரை இதற்கு 14 டிகிரி செல்சியஸில் 76 நாள் ஆகும். 20 டிகிரிக்குக் கொஞ்சம் கீழே 40 நாள். 27 டிகிரியில் 24 நாளே போதும். 8 டிகிரிக்குக் கீழே வளர்ச்சி நின்றுவிடும். அதற்கு மேல் ஒவ்வொரு நாளும் சேருகிற சூட்டைக் கூட்டிக்கொண்டே போனால், 460 வந்ததும் ஒரு தலைமுறை முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

கணக்கு எளிது. அன்றைய அதிகபட்ச வெப்பத்தையும் குறைந்தபட்ச வெப்பத்தையும் கூட்டி இரண்டால் வகுத்து, அதிலிருந்து 8-ஐக் கழிக்க வேண்டும். பகலில் 34, இரவில் 22 என்றால் சராசரி 28, கழித்தால் 20. 460-ஐ 20-ஆல் வகுத்தால் 23 நாள். மார்கழியில் பகல் 27, இரவு 16 என்றால் நாளுக்கு 13.5 தான் சேரும், ஒரு தலைமுறைக்கு 34 நாள் பிடிக்கும். 120 நாள் பயிரில் மார்கழிப் பட்டத்தில் மூன்று தலைமுறை முடிகிற இடத்தில், மாசி, பங்குனியில் ஐந்து ஓடிவிடும். ஒரு தாய்ப்பூச்சி 250 முட்டை வரை வைக்கக்கூடியது. கூடுதலாக வருகிற அந்த இரண்டு தலைமுறைதான் கடைசிப் பறிப்புகளில் காம்படியில் ஊசி குத்தியதுபோல் ஓட்டை விழுந்த பழங்களாகக் கூடைக்கு வருகிறது. அதிகபட்சம் 35-ஐத் தாண்டிய நாட்களில் கணக்குக்கு 35 என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் சூடு கூடினால் பூச்சி வேகம் எடுப்பதில்லை, தளர்ந்துதான் போகும்.

இந்தக் கணக்கு மருந்து மாற்றுவதற்கும் உதவும். ஒரு தலைமுறைக் காலம் முழுக்க ஒரு பிரிவு மருந்து, அடுத்த தலைமுறைக்கு வேறு பிரிவு என்று மாற்றினால்தான் எதிர்ப்புத்திறன் ஏறுவது தள்ளிப்போகும். டப்பாவில் பெயர் மாறினால் மருந்து மாறிவிட்டது என்று நினைப்பது பெரிய தவறு. பூச்சியை எப்படிக் கொல்கிறது என்பதை வைத்து மருந்துகளுக்குப் பிரிவு எண் உண்டு. குளோரான்ட்ரனிலிப்ரோல், சயான்ட்ரனிலிப்ரோல், ஃபுளுபென்டியமைடு மூன்றும் 28 என்ற ஒரே பிரிவு. மூன்றையும் மாற்றி மாற்றி அடித்தாலும் பூச்சிக்கு அது ஒரே மருந்துதான். ஸ்பினோசாட் 5, எமாமெக்டின் 6, இண்டாக்ஸாகார்ப் 22 என்று வேறு எண் உள்ளதற்குப் போக வேண்டும். குளிர்காலத்தில் 34 நாளுக்கு ஒருமுறை பிரிவை மாற்றியவர், பங்குனியில் 23 நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும்.

ஊசிப்புழுவையும் சாதாரண இலைச் சுரங்கப் பூச்சியையும் குழப்பிக்கொள்கிறவர்கள் அதிகம். இலையைப் பறித்து வெயிலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். மெல்லிய கோடாக, பாம்பு ஊர்ந்தது மாதிரி வளைந்து வளைந்து போனால் அது சுரங்க ஈ. நகம் அகலத்துக்குத் திட்டாகக் கண்ணாடி மாதிரித் தெரிந்து, உள்ளே ஒரு மூலையில் கறுப்பு எச்சம் ஒதுங்கிக் கிடந்தால் ஊசிப்புழு. சுரங்க ஈ மாசி முதல் சித்திரை வரை அடி இலைகளில் தெரியும். பார்க்கப் பயமாக இருக்குமே தவிர, காயைத் தொடாது. அதன் புழுவைத் தின்னும் குளவிகள் காட்டிலேயே இருக்கின்றன. அதற்கென்று மருந்து அடித்தால் முதலில் சாவது அந்தக் குளவிகள்தான். அடி இலையைக் கிள்ளி அப்புறப்படுத்தினால் போதும்.

கத்திரி வெயிலில் யார் ஏறுகிறார்கள், யார் இறங்குகிறார்கள்

சித்திரைக் கடைசியில் வெயில் 38-ஐத் தொடும்போது புழு இனங்கள் பொதுவாகத் தளரும். அந்த இடத்தைப் பிடிப்பது சிவப்புச் சிலந்தி. எட்டுக் கால் என்பதால் அது பூச்சி இனமே அல்ல. பூச்சிக்கான பல மருந்துகள் அதைத் தொடாததற்குக் காரணமும் அதுதான். காற்றில் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே, வெப்பம் 30-க்கு மேல் என்றால் எட்டு முதல் பத்து நாளில் ஒரு தலைமுறை முடித்துவிடும். முதலில் வருவது மண் ரோட்டு ஓரத்துச் செடிகளில். இலையில் புழுதி படிந்தால் சிலந்தியைத் தின்னும் நல்ல பூச்சிகள் அங்கே நடமாடுவதில்லை. இலை மேற்புறம் ஊசிமுனைப் புள்ளிகளாக வெளுத்திருக்கும். அடிப்புறம் மெல்லிய நூலாம்படை இருக்கும். வெள்ளைத் தாளில் தட்டினால் மிளகாய்த்தூள் போல விழுந்து, கொஞ்சம் பொறுத்து நகரும்.

இந்த நேரத்தில் காய்ப்புழுவுக்கென்று சைபர்மெத்ரின், லாம்ப்டா மாதிரி பைரித்ராய்டு மருந்து அடித்தவர் காட்டில் சிலந்தி வெடித்துக் கிளம்பும். எதிரிப் பூச்சி செத்துவிடும், சிலந்தி பிழைத்துக்கொள்ளும். போதாததற்குப் பைரித்ராய்டுக்கு ஒரு குணம் உண்டு. சூடு ஏற ஏற அதன் கொல்லும் திறன் குறையும். கத்திரியில் அதை அடிப்பது இரட்டை நஷ்டம். சிலந்திக்கு நனையும் கந்தகம் நல்லதுதான், ஆனால் 32 டிகிரிக்கு மேல் அடித்தால் இலை கருகிவிடும். வேப்பெண்ணெய் அடித்து இரண்டு வாரத்துக்குள் கந்தகம் அடித்தாலும் அதே கதி. சொட்டுநீர் போட்ட காட்டில் வரிசைக்கு இடையே மண் காய்ந்து அனல் வீசும், சிலந்திக்கு அது வசதி. தெளிப்புநீர் வைத்தால் சிலந்தியும் இலைப்பேனும் (த்ரிப்ஸ்) குறையும். ஆனால் இலை நனைந்தே இருந்தால் கருகல் நோய் வரும். எது வேண்டும் என்று அந்தந்தக் காட்டைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். பகல் 11 மணிக்குள் இலை காய்ந்துவிடுகிற மாதிரி அதிகாலையில் மட்டும் தெளிப்பது நடுவழி.

கத்திரியில் இன்னொரு வீண் செலவு, சூட்டால் சுருளும் இலைக்கு வெள்ளை ஈ மருந்து அடிப்பது. சூட்டாலோ தண்ணீர் ஏற்ற இறக்கத்தாலோ சுருண்டால், அடியிலும் நடுவிலும் உள்ள முதிர்ந்த இலைகள் மேல்நோக்கிக் குழாயாகச் சுருண்டு, தொட்டால் தோல் மாதிரி கெட்டியாக இருக்கும். குருத்து வழக்கம்போல வளரும். வைரஸ் முடக்கு என்றால் குருத்து இலைதான் சிறுத்து, ஓரம் மஞ்சளாகி, சுருக்கம் விழுந்து, செடி குட்டையாக நிற்கும். குருத்தைப் பார்த்துவிட்டு மருந்துக்கடைக்குப் போகலாம். பகலில் 35, இரவில் 25 டிகிரி தாண்டினால் பூ பிடிக்காமல் உதிர்வதும் இப்படித்தான். அது சூட்டின் வேலை. பேன் தின்று உதிர்ந்ததா என்று பார்க்கப் பூவை உள்ளங்கையில் தட்டினால் தெரிந்துவிடும்.

வெள்ளை ஈ: இன்று வந்த ஈ, மூன்று வாரம் கழித்து வரும் முடக்கு

15 டிகிரியில் இரண்டு மாதம் எடுத்துக்கொள்கிற வெள்ளை ஈ, 30 டிகிரியில் 17 நாளில் முட்டையிலிருந்து ஈயாகிவிடும். மாசி, பங்குனியில் நட்ட காடுகளில் முடக்கு நோய் தலைவிரித்தாடுவதும், ஐப்பசி, கார்த்திகையில் அதே ஊரில் அடங்கியிருப்பதும் இதனால்தான். வெப்பத்தோடு வறட்சியும் சேர வேண்டும். பலத்த மழை பறக்கும் ஈக்களை அடித்து மண்ணில் தள்ளிவிடும்.

மழைக்கு மறுநாள் மஞ்சள் ஒட்டுப்பொறியைப் பார்த்து ஈ ஒழிந்தது என்று முடிவு கட்டக் கூடாது. இலைக்கு அடியில் செதில் மாதிரி ஒட்டிக் கிடக்கும் இளம்பருவம் மழையில் கழுவிப் போவதில்லை. அது முதிர்ந்து ஒரு வாரம், பத்து நாளில் புது ஈயாக வெளியே வரும். முட்டை இருப்பது குருத்துப் பக்கம். செடி வளர வளர அந்த இலைகள் கீழே தள்ளப்படும், அதனால் முதிர்ந்த இளம்பருவம் இருப்பது நடு இலைகளில். மழைக்குப் பின் பார்க்க வேண்டிய இடமும் நடு இலைகள்தான். காலை 8 மணிக்கு முன் ஈ மந்தமாக இருக்கும். காம்பைப் பிடித்து மெதுவாகத் திருப்பினால் பறக்காது, எண்ணிவிடலாம்.

ஈயை விட அது தூக்கி வருகிற வைரஸ்தான் பிரச்சினை. நோயுள்ள செடியில் கால் மணி, அரை மணி நேரம் சாறு உறிஞ்சினாலே ஈக்குத் தொற்றிவிடும், பல மணி நேரம் கழித்து அது பரப்பத் தொடங்கும், பிறகு நாள் கணக்கில் பரப்பிக்கொண்டே இருக்கும். செடியில் அறிகுறி தெரிய இரண்டு முதல் மூன்று வாரம் ஆகும். இன்று கண்ணில் படுகிற முடக்கு, மூன்று வாரத்துக்கு முந்தைய வெயிலின் கணக்கு. முடக்கைப் பார்த்த பிறகு ஈ மருந்து அடிப்பது பிந்திய வேலை. நட்ட மூன்று வாரத்துக்குள் முடங்கிய செடியைப் பிடுங்கிப் பையில் போட்டுக் கொண்டுபோய்ப் புதைப்பதே சரி. அது தேறி வராது, மற்றதற்குக் கொடுத்துக்கொண்டிருக்கும்.

அதனால் வெயில் பட்டத்தில் காசை நாற்றங்காலில் போட வேண்டும். 40 முதல் 50 மெஷ் நைலான் வலைக்குள் 25 நாள் நாற்று. வலையின் அடி ஓரத்தை மண் போட்டு மூட வேண்டும், கதவுக்கு இரட்டைத் திரை வேண்டும். வலைக்குள் சூடு வெளியை விட ஏறும். பங்குனியில் மேலே நிழல்வலை சேர்க்காவிட்டால் நாற்று ஒல்லியாக நீண்டுவிடும். நடவுக்கு வெள்ளி நிறம் மேலே இருக்கும் மல்ச்சிங் ஷீட் போட்டால், கூசும் வெளிச்சத்தில் வெள்ளை ஈயும் பேனும் வந்து உட்காரத் தடுமாறும். செடி படர்ந்து ஷீட்டை மூடும்வரைதான் அந்தப் பலன், ஏறக்குறைய முதல் ஒரு மாதம். பயிருக்கு ஆபத்தான மாதமும் அதுதான். பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்‌ஷக் மாதிரி முடக்கு தாங்கும் வீரிய ரகத்தை இந்தப் பட்டத்துக்கு யோசிக்கலாம்.

காற்றும் சேர்ந்து வேலை செய்கிறது. வெள்ளை ஈ நன்றாகப் பறக்காது, காற்றடிக்கும் போக்கில் வந்து சேரும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் மேலைக்காற்று வீசும் உடுமலை, பொள்ளாச்சிப் பக்கத்தில் காட்டின் மேற்கு ஓரம்தான் முதலில் ஈ பிடிக்கும். ஒட்டுப்பொறியைக் காட்டுக்கு நடுவில் மட்டும் கட்டினால் ஒரு வாரம் தாமதமாகத்தான் செய்தி வரும். காற்று வரும் பக்கத்தில் இரண்டு, மூன்று வரிசை மக்காச்சோளத்தை நடவுக்கு 15, 20 நாள் முன்பே நெருக்கி விதைத்தால், தக்காளி நாற்று மண்ணில் ஊன்றும்போது அது ஓரளவு வளர்ந்து நிற்கும். தக்காளி நட்ட அன்றே சோளம் விதைப்பவர்களும் இருக்கிறார்கள். ஆபத்தான முதல் மாதத்தில் அந்தத் தடுப்பால் பலன் இல்லை.

இதையெல்லாம் செய்தும் முடக்கு வருகிறது என்றால் காற்று வரும் திசையில் யார் காடு இருக்கிறது என்று பார்க்க வேண்டும். விலை விழுந்ததும் பறிக்காமல் விட்ட தக்காளிக் காடு, வெயிலில் காயக் காய அதிலுள்ள ஈ முழுக்கப் பக்கத்து இளம்பயிருக்கு இடம்பெயரும். ஊசிப்புழுவும் அப்படியே. பறிப்புக் கூலிக்கே கட்டாதபோது செடி பிடுங்க யார் செலவழிப்பார் என்பது நியாயமான கேள்விதான். ஆனால் ரோட்டவேட்டர் ஒரு ஓட்டு ஓட்டுவதற்கு ஆகும் காசு, அடுத்த பட்டத்தில் ஊரே சேர்ந்து அடிக்கும் மருந்துக் காசுக்கு முன் பெரிதல்ல.

இலைப்பேனைப் பற்றிச் சுருக்கமாக. பத்துப் பதினைந்து நாள் மழையில்லாமல் வறண்டால் ஏறும், கனமழையில் இறங்கும். காரணம், பேன் கூட்டுப்பருவத்துக்கு மண்ணில் விழும். மண் சேறாகி இறுகினால் அங்கேயே அழியும். குருத்து வெண்கல நிறமாகி, தண்டில் கறுப்புக் கீறல் ஓடி, நுனி வளைந்து காய்ந்தால் அது பேன் பரப்பும் வாடல் வைரஸ். அந்த வைரஸை இளம்பேன் மட்டுமே வாங்கும், வளர்ந்த பேன் பரப்பும். பக்கத்தில் நிலக்கடலை, உளுந்து, பாசிப்பயறு இருந்தால் வைரஸுக்கு இருப்பிடமும் அங்கேதான்.

கோடை மழைக்குப் பிந்தைய இரண்டு வாரம்

வைகாசியில் இடியோடு 30, 40 மில்லிமீட்டர் கொட்டுகிற ஒரு மழையை எடுத்துக்கொள்வோம். முதல் இரண்டு நாள் காடு சுத்தமாகத் தெரியும். ஈ இல்லை, பேன் இல்லை, சிலந்தி கழுவிப் போயிருக்கும். இந்த நிம்மதியில்தான் கண்காணிப்பு தளர்கிறது. மண்ணுக்குள் விரல் நீளத்துக்குக் கீழே கூட்டுப்புழுவாக இருக்கும் பச்சைக் காய்ப்புழு, மண் இளகியதும் அந்துப்பூச்சியாக வெளியே வரும். செடியும் மழைக்குப் பிறகு இளந்தளிர் விட்டிருக்கும். கூடவே யூரியா தூவியிருந்தால் தளிர் இன்னும் மிருதுவாகும், முட்டை வைக்க வருகிற தாய்ப்பூச்சிக்கு அது விருந்து. மழை முடிந்த கையோடு யூரியா போடுவதை ஒரு வாரம் தள்ளி, இரண்டாகப் பிரித்துப் போடுவது மேல்.

மழையின் அளவும் முக்கியம். மண்ணை நனைத்து விடுகிற மிதமான மழை அந்துப்பூச்சியை எழுப்பும். காட்டில் தண்ணீர் இரண்டு நாள் தேங்கி நிற்கிற அளவு பெய்தால் கூட்டுப்புழு மூச்சுமுட்டிச் சாகும், வெளியே வரும் வழியும் சேறு பூசி அடைபடும். களிமண்ணில் இது நன்றாக நடக்கும், செம்மண்ணில் தண்ணீர் வடிந்துவிடுவதால் அவ்வளவாக நடக்காது. ஒரே மழைக்கு இரண்டு ஊரில் இரண்டு விதப் பலன் கிடைப்பதற்கு இது ஒரு காரணம்.

மழைக்கு முன்பே இனக்கவர்ச்சிப் பொறி நின்றிருக்க வேண்டும். காய்ப்புழுவுக்கு ஏக்கருக்கு 5 பொறி, செடி மட்டத்துக்கு ஓரடி மேலே. செடி வளர வளரப் பொறியையும் ஏற்ற வேண்டும். ஊசிப்புழுவின் அந்துப்பூச்சி தாழப் பறக்கும், அதன் பொறியைச் செடி மட்டத்துக்குக் கீழேயே வைக்க வேண்டும். இரண்டையும் ஒரே கம்பில் ஒரே உயரத்தில் கட்டினால் ஒன்று வீண். லூரை, அதாவது பொறிக்குள் வைக்கும் வாசனைக் குப்பியை, மூன்று வாரத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வார்கள். வெயில் காலத்தில் வாசனை சீக்கிரம் ஆவியாகிவிடும், அதற்கும் முன்பே மாற்ற வேண்டியிருக்கும். பொறியில் எண்ணிக்கை இறங்கினால் பூச்சி குறைந்ததா, லூர் தீர்ந்ததா என்று முதலில் பாருங்கள். பலத்த காற்றடித்த இரவிலும் பூச்சி குறைவாகத்தான் விழும். ஒரு நாள் எண்ணிக்கையை நம்பாமல் மூன்று நாள் கூட்டிப் பாருங்கள்.

பொறியில் பூச்சி கூடிய நாளிலிருந்து கணக்குத் தொடங்குகிறது. முட்டை மேலிருந்து மூன்று இலைகளுக்குள், பூங்கொத்தை ஒட்டி, ஒவ்வொன்றாகத் தனித்தனியே இருக்கும். குண்டூசித் தலையை விடச் சின்னது, வெளிறிய மஞ்சள். இரண்டாம் நாள் நடுவில் ஒரு பழுப்பு வளையம் தெரியும். மூன்றாம், நான்காம் நாள் கறுத்துப் பொரியும். அடுத்த நான்கைந்து நாள் புழு இலையையும் பூவையும் சுரண்டும். அதன் பிறகு காயில் தலையை விட்டு, உடம்பின் பாதியை வெளியே வைத்துத் தின்னத் தொடங்கும். ஒரு காயோடு நிற்காமல் பல காய்களைக் கெடுக்கும். ஆக, பொறி நிறைந்ததற்கு ஐந்தாம் நாளிலிருந்து எட்டாம் நாள் வரை மருந்துக்கான நேரம். அன்றே அடித்தால் புழுவே இல்லை, பதினைந்தாம் நாள் அடித்தால் புழு காய்க்குள் இருக்கும். குளோரான்ட்ரனிலிப்ரோல் 18.5 எஸ்.சி. என்றால் ஏக்கருக்கு 60 மில்லி, அடித்து மூன்று நாள் கழித்துத்தான் பறிப்பு. முட்டைகள் கறுத்து, நாள் கடந்தும் பொரியாமல் நின்றால் ஒட்டுண்ணிக் குளவி வேலை செய்கிறது என்று அர்த்தம். அப்போது மருந்தைத் தள்ளிப்போடலாம்.

முட்டை ஒட்டுண்ணிக் குளவியான டிரைக்கோகிரம்மாவின் அட்டை கட்டுகிறவர்கள் பூ எடுத்ததிலிருந்து வாரம் ஒருமுறை ஏக்கருக்கு 2 சி.சி. கட்டுவார்கள், அதாவது 40,000 குளவி. 35 டிகிரிக்கு மேல் இந்தக் குளவி சோர்ந்துவிடும், மழையில் அட்டை நனைந்தால் போச்சு, எறும்பு கண்டால் அட்டையையே தின்றுவிடும். மாலையில், இலை அடிப்புறமாக, நிழலில் பின் அடிக்க வேண்டும். செண்டுமல்லிப் பொறிப்பயிர் 16 வரிசை தக்காளிக்கு ஒரு வரிசை. 40 நாள் செண்டுமல்லி நாற்றும் 25 நாள் தக்காளி நாற்றும் ஒரே நாளில் நட்டால்தான் இரண்டும் ஒன்றாகப் பூக்கும். செண்டுமல்லி முந்திப் பூத்து முடிந்துவிட்டால் தாய்ப்பூச்சி தக்காளிக்கே திரும்பும்.

புயல் மழையும் மூடுபனியும்

ஐப்பசி, கார்த்திகையில் அடைமழைக்கு நடுவே நான்கு நாள் வெயில் விட்டால் வருவது புரோடீனியா என்கிற புகையிலை வெட்டுப்புழு. அது முட்டையைக் குவியலாக, பழுப்பு ரோமம் மூடி, இலைக்கு அடியில் வைக்கும். ஒரு குவியலில் சில நூறு முட்டை. பொரிந்த புழுக்கள் முதல் சில நாள் கூட்டமாக ஒரே இலையைச் சுரண்டி சல்லடைக் கண்ணாக்கும். அந்த இலையைப் பறித்து நசுக்கினால் ஒரே கையில் நூறு புழு போகும். விட்டுவிட்டால் பிரிந்து, பகலில் மண் வெடிப்பிலும் மல்ச்சிங் ஷீட்டுக்கு அடியிலும் ஒளிந்து, இரவில் மேலேறித் தின்னும். தவிடும் வெல்லமும் கலந்த நச்சுத்தீனி வைக்கலாம் என்று பழைய குறிப்புகள் சொல்லும். அதில் வரும் கார்பரில் 2018-ல் இந்தியாவில் தடை செய்யப்பட்டது, அந்தக் குறிப்பை அப்படியே பின்பற்றக் கூடாது.

இதே ஈரம் நமக்கும் உதவும். குளிர்ந்து, பனிபெய்து, இலை ஈரமாக இருக்கும் வாரங்களில் புழுக்கள் தாமாகவே பூஞ்சை பிடித்துச் சாகும். செடி நுனியில் விறைத்துப்போய், முதலில் வெள்ளை மாவு பூசி, பிறகு பச்சைப் பொடி பூத்த புழுக்களைக் கண்டால் அந்த வாரம் மருந்தும் வேண்டாம், முக்கியமாகப் பூஞ்சாணக்கொல்லியும் வேண்டாம். பவேரியா, மெட்டாரைசியம், லெக்கானிசீலியம் என்ற பூஞ்சைப் பொடிகளுக்கும் இதே வானிலைதான் வேண்டும். ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல், வெப்பம் 30-க்குள். சித்திரையில் நடுப்பகலில் பவேரியா அடித்துவிட்டு உயிரி மருந்து வேலை செய்யவில்லை என்று சொல்வது அந்தப் பூஞ்சைக்குச் செய்யும் அநியாயம்.

காய்ப்புழு வைரஸ் கரைசலான என்.பி.வி.யும் வெயில் பட்டால் செயலிழக்கும். ஏக்கருக்கு 100 எல்.ஈ. (புழுச் சமான அளவு), கூட ஒரு கிலோ நாட்டுச் சர்க்கரை, சூரியன் சாய்ந்த பிறகு அடிக்க வேண்டும். பெரிய புழுவுக்கு அது பலிக்காது, சின்னப் புழு இருக்கும்போதே அடிக்க வேண்டும்.

இரசாயன மருந்துக்கும் நேரம் உண்டு. வெப்பம் 32-ஐத் தாண்டி ஈரப்பதம் 40-க்குக் கீழே போனால் துளி இலையில் உட்காரும் முன்பே ஆவியாகிவிடும். காலை 9 மணிக்குள் அல்லது மாலை நாலரைக்கு மேல் அடிப்பது நல்லது. பனி சொட்டும் இலையில் அடித்தால் மருந்து வழிந்து மண்ணுக்குப் போகும், துடைத்துப் பார்த்து ஈரம் காய்ந்ததும் தொடங்குங்கள். இலையே அசையாத காற்றில்லா அதிகாலையிலும் நுண்துளி இறங்காமல் மிதந்து பக்கத்துக் காட்டுக்குப் போகும். இலை லேசாக அசைகிற அளவு காற்று போதும். அடித்து இரண்டு மணி நேரத்துக்குள் மழை வந்தால், தொடுநஞ்சு ஏறக்குறைய முழுக்கப் போய்விட்டது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். இலைக்குள் ஊடுருவும் மருந்து என்றால் ஓரளவு தங்கியிருக்கும், உடனே மறுபடி அடிக்காமல் இரண்டு நாள் விட்டுப் புழுவைப் பார்த்து முடிவெடுக்கலாம்.

வானிலைத் துறை செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் விவசாயிகளுக்கான அறிக்கை வெளியிடுகிறது. மேக்தூத் செயலியில் தமிழிலேயே ஐந்து நாள் முன்னறிவிப்பு கிடைக்கும். மருந்து அடிக்கும் நாளை முடிவு செய்ய அது போதும். ஆனால் கோடை மழை ஒரு காட்டில் 40 மில்லிமீட்டர் கொட்டி, வாய்க்காலுக்கு அப்பால் துளிகூடப் போடாமல் போகும். பூச்சிக் கணக்குக்கு நம் காட்டு மழைதான் வேண்டும். மரம், கட்டடத்தின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தள்ளி ஒரு மழைமானி வைத்து, தினமும் காலை எட்டரைக்கு எழுதி வைத்தால் போதும். ஒரு மில்லிமீட்டர் என்றால் ஏக்கருக்குச் சுமார் 4,000 லிட்டர் தண்ணீர், பாசனத்தைக் குறைக்கவும் அந்தக் கணக்கு உதவும். வெப்பமானியை நிழலில், நான்கடி உயரத்தில், காற்று படும்படி மாட்டுங்கள். தகரக் கொட்டகைச் சுவரில் மாட்டினால் பொய் சொல்லும். மழைமானி இல்லாவிட்டால் மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமுள்ள டப்பாவில் ஸ்கேலை நிறுத்தி அளக்கலாம். வாளி வேண்டாம், மேலே அகன்று கீழே குறுகுவதால் பெய்ததை விடக் கூடுதலாகக் காட்டும்.